வீடு வரைக்கும் பூட்டு

மாலகா, மார்ச் 5, 2019

அன்புத் தம்பி தெர்லிஸுக்கு,

அக்கா நிமியா எழுதுகிறேன். தொலைபேசியில் பேசினால் நீ இரண்டாவது நிமிடமே எரிந்து விழுகிறாய். அதனால் இப்படி மின்னஞ்சலில். கடல் தாண்டிய இந்த நாட்டில் குளிர் விட்டுவிட்டது, என் முதுகுவலி விடவில்லை. நான் பார்த்துக்கொள்ளும் பெரியவர் என்னைவிடத் திடமாக இருக்கிறார். குட்டி அராமிக்குத் தொண்டை வீக்கம் வற்றியதா? உன் வீட்டுக்காரி பிளாசிதாவிடம் சொல், அவள் சுடும் சிப்பா ரொட்டிக்காக மாலகாவே ஏங்குகிறது என்று.

விஷயத்துக்கு வருகிறேன். உன் வீட்டு ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் பழைய கணினியில் ஓடிக்கொண்டிருக்கிறதே என் இணையதளம், அது இப்போது மரவள்ளிச் சமையல் குறிப்பு மட்டும் இல்லை. ஆலையின் எடை அறையில் முதலாளி பெண்களிடம் நடந்துகொள்வதைப் பற்றி ஜனவரியில் நான் எழுதியதிலிருந்து பெண்கள் எழுதத் துடிக்கிறார்கள். முதலாளி பெயரை நான் போடவில்லை. நம் ஊரில் போட வேண்டியதும் இல்லை. நம் ஊருக்குப் பக்கத்து ஒவியேதோவில் ஒரு வழக்கறிஞர் அம்மாள் கிடைத்திருக்கிறார். பத்துப் பெண்கள் பெயரோடு எழுதிக் கொடுத்தால் அரசு வழக்குரைஞரிடம் போவேன், அதுவரை ஒருத்தி பெயரும் வெளியே தெரியக் கூடாது என்கிறார்.

ஆனால் என் பக்கத்தைத் திறந்தாலே "பாதுகாப்பற்றது" என்று முகத்தில் அடிக்கிறது. ஆலையில் வேலை செய்யும் சூனில்டா சொல்லிவிட்டாள்: "பேங்க் பக்கத்துல இருக்கிற மாதிரி பூட்டுப் படம் வரட்டும். அதுவரைக்கும் ஒரு எழுத்து எழுத மாட்டேன்." அவள் சொல்வது நியாயம். அந்தப் பூட்டைப் போட்டுக் கொடு.

உன் சோறு ஆலை முதலாளி தோன் எவெலியோவின் இணையக் கோபுரத்தில்தான் என்று எனக்குத் தெரியும். உன் பெயர் எங்கும் வராது. வெளியாளிடம் கொடுக்கத்தான் பயம், கூடப் பிறந்தவனிடம் என்ன பயம்?

அராமிக்கு என் ஆசி.
நிமியா

யுக்குவாத்தி, மார்ச் 14

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் மூவரும் சுகம். அராமியின் தொண்டை சரியாகி, இப்போது அது வீட்டையே கத்தி இடிக்கிறது. வெயில் மட்டும் குறையவில்லை. ஆலையின் சேமிப்புச் சிலோ உச்சியில் இருக்கும் கோபுரத்துக்கு ஏறி இறங்குவதற்குள் ஒரு குடம் குளிர்ந்த தெரெரே மூலிகைத் தண்ணீர் காலியாகிறது. உன் முதுகுக்குச் சூட்டுத் தைலம் தேய்.

பூட்டுப் போட்டாயிற்று. உனக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். உன் பக்கத்துக்கு வருகிறவர்கள் இனி நேராக நம் வீட்டுக் கதவைத் தட்ட மாட்டார்கள். நடுவில் ஒரு சேவை நிற்கிறது, வாசலில் நிற்கும் காவலாள் மாதிரி. எல்லாரும் அவனிடம் கொடுப்பார்கள், அவன் நம் வீட்டுக் கணினிக்குக் கொண்டுவந்து சேர்ப்பான். வீட்டு முகவரி யாருக்கும் தெரியாது. பூட்டுக்கான எஸ்.எஸ்.எல். சான்றிதழும் அவனே இலவசமாகத் தருகிறான். கணக்கு உன் பெயரில்தான், கடவுச்சொல்லைக் கீழே எழுதியிருக்கிறேன். நீ அதைத் திறந்து எதையும் நோண்டாதே, எல்லாம் படுத்துவிடும்.

மரவள்ளி காயப்போடும் களத்திலிருந்து பிளாசிதாவை ஆலை அலுவலகத்துக்கு மாற்றிவிட்டார்கள். மின்விசிறிக்குக் கீழே நாற்காலி! தோன் எவெலியோ செய்த உபகாரம். நம் அராமியின் ஞானத்தந்தை ஆயிற்றே.

கைகூப்பி ஆசி கேட்கும்,
தெர்லிஸ்

மாலகா, ஏப்ரல் 2

என் தங்கத் தம்பிக்கு,

முதுகுக்குத் தைலம் தேய்க்க ஆள் இல்லாவிட்டாலும் மனசு தெம்பாக இருக்கிறது. பூட்டைப் பார்த்தேன்! சூனில்டாவும் பார்த்துவிட்டாள். "இப்பச் சரி" என்று சொல்லி அன்றே எழுதிவிட்டாள். அவளுக்குப் பின்னால் எல்வா. அப்புறம் வரிசையாக. படித்துவிட்டு இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. எல்லாருக்கும் அதே அறை, அதே தராசு.

ஒரே ஒரு சந்தேகம். பூட்டு எதுவரைக்கும்? அந்தக் காவலாள் வரைக்குமா, நம் வீடு வரைக்குமா? அவன் கையிலிருந்து வீட்டுக்கு வரும் வழி உங்கள் கோபுரம் வழியாகத்தானே. எனக்கு இதெல்லாம் தெரியாது, கேட்கிறேன், அவ்வளவுதான்.

பிளாசிதா ஏன் இப்போதெல்லாம் படம் அனுப்புவதில்லை? மின்விசிறிக் காற்று பட்டதும் ஏழை நாத்தனாரை மறந்துவிட்டாளா? சும்மா கிண்டல். அவளுக்கும் குழந்தைக்கும் முத்தம்.

நிமியா

யுக்குவாத்தி, மே 6

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். தாமதத்துக்குப் பொறுத்துக்கொள். கோபுரத்தில் இடி விழுந்து ஊரே இணையம் இல்லாமல் கிடந்தது, நான்தான் மேலும் கீழும் குரங்காக ஏறிக்கொண்டிருந்தேன்.

பூட்டு தெரிகிறதா இல்லையா? தெரிகிறது. பிறகென்ன.

ஊர்ச் செய்தி: சூனில்டாவை ஆலையில் நிறுத்திவிட்டார்கள். விளைச்சல் குறைவு என்று சொல்கிறார்கள். எல்வாவின் புருஷனுக்கு லாரி ஓட்டும் வேலையும் போயிற்று. ஊரில் சும்மா பேச்சு அதிகமாகிவிட்டது. இந்தக் கடிதம் வாங்கும் வேலையைக் கொஞ்சம் நிறுத்தி வைத்தால் என்ன? சமையல் குறிப்பு எழுது, எல்லாரும் விரும்பிப் படித்தார்கள்.

பிளாசிதாவுக்கு வேலை அதிகம். களைத்து வந்து சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிடுகிறாள். உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

தெர்லிஸ்

மாலகா, மே 15

தம்பிக்கு,

சுகம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை, இருந்தாலும் குழந்தை நலமாக இருக்கட்டும்.

எழுதிய முதல் இரண்டு பேருக்கும் அடி விழுந்திருக்கிறது. விளைச்சல் குறைவாம்! யார் காதில் பூச்சுற்றுகிறார்கள்? சூனில்டாவைக் கூப்பிட்டேன். "நீதான்டி எவகிட்டயாவது உளறியிருப்பே. உன் வாயைப் பத்தி ஊருக்கே தெரியும்" என்று கேட்டுவிட்டேன். அவள் அழவில்லை. "பூட்டு இருக்குன்னு சொன்னது யாரு, நிமியா?" என்று மட்டும் கேட்டாள். நான் போனை வைத்துவிட்டேன். என் தம்பியைச் சந்தேகிக்க அவள் யார்?

இருந்தாலும் உன்னிடம் நேராகவே கேட்கிறேன். இடையில் யாராவது படிக்கிறார்களா? ஆம், இல்லை, இரண்டில் ஒன்று சொல்.

நிமியா

யுக்குவாத்தி, ஜூன் 26

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லாரும் நலம். உனக்கு அங்கே வெயில், இங்கே குளிர் வந்துவிட்டது. சான் ஹுவான் திருவிழா நன்றாக நடந்தது. தீப்பந்தாட்டத்தில் முதல் உதையைத் தோன் எவெலியோதான் உதைத்தார். வயதானாலும் என்ன கால்! அராமியைத் தோளில் தூக்கிக்கொண்டு ஊர் முழுக்கச் சுற்றினார். பிளாசிதா வரவில்லை, அவளுக்குத் தலைவலி.

உன் முதுகு எப்படி இருக்கிறது?

தெர்லிஸ்

மாலகா, ஜூலை 3

என் அருமைத் தம்பிக்கு,

உன் கடிதம் கண்டு மகிழ்ச்சி. முதுகு தேவலை. தீப்பந்தாட்டத்தைப் படித்ததும் ஊருக்கே வந்துவிட்ட மாதிரி இருந்தது. அராமியின் கால் அளவை ஒரு தாளில் வரைந்து படம் எடுத்து அனுப்பு. இங்கே நல்ல கம்பளிக் காலணி கிடைக்கிறது.

மே மாதம் கோபத்தில் ஏதேதோ எழுதிவிட்டேன், மனதில் வைத்துக்கொள்ளாதே. பூட்டைப் பற்றி இனி ஒரு வார்த்தை கேட்க மாட்டேன். நீ போட்டது என்றால் சரியாகத்தான் இருக்கும். எட்டுப் பேர் எழுதிவிட்டார்கள். இன்னும் இரண்டு வந்தால் வழக்கறிஞர் அம்மாளிடம் கொடுத்துவிடுவேன். பிறகு உனக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி.

பிளாசிதாவின் தலைவலி தீர்ந்ததா? அவளை எப்போதும் நினைக்கிறேன்.

உன் பாசமுள்ள அக்கா,
நிமியா

யுக்குவாத்தி, ஜூலை 17

அக்கா,

அவசரமாக எழுதுகிறேன். நம் வீட்டுக் கணினியிலும் ஒரு சான்றிதழ் போட்டுவிட்டேன். இப்போது காவலாளிடமிருந்து வீடு வரைக்கும் பூட்டு. முன்பும் சரியாகத்தான் இருந்தது, இது இன்னும் உறுதிக்காக. ஏன் என்று கேட்காதே.

திங்கட்கிழமை உனக்கு ஏதாவது கடிதம் வந்ததா? வந்திருந்தால் அதை வழக்கறிஞரிடம் கொடுக்காதே. யாருக்கும் காட்டாதே. அழித்துவிடு. எழுதியவள் ஏதோ மனக் குழப்பத்தில் எழுதியிருப்பாள். உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன் அக்கா.

அராமியின் கால் அளவு பிறகு அனுப்புகிறேன்.

தெர்லிஸ்

மாலகா, ஜூலை 19

தெர்லிஸ்,

திங்கட்கிழமை எனக்கு ஒரு கடிதம் வந்தது. நீ சொல்வது அதைத்தான். கீழே கையெழுத்து பிளாசிதா. ஆனால் உனக்கு எப்படித் தெரியும், தம்பி? அது என் பெயருக்கல்லவா வந்தது?

நான் சொல்கிறேன். ஜூன் கடைசி ஞாயிறு, பெரியவரின் பேத்தி நூரியா இங்கே வந்திருந்தாள். கணினி படிக்கிற பெண். நீ நோண்டாதே என்று சொன்ன கணக்கை அவளிடம் திறந்து காட்டினேன். ஒன்றும் படுக்கவில்லை. ஒரு படம்தான் வந்தது. இந்தப் பக்கம் எழுதுகிறவர், நடுவில் காவலாள், அந்தப் பக்கம் நம் வீடு. எழுதுகிறவருக்கும் காவலாளுக்கும் நடுவே பூட்டு. காவலாளுக்கும் வீட்டுக்கும் நடுவே ஒன்றுமில்லை, வெறும் கோடு. நூரியா சிரித்துவிட்டாள். "பாதி வழிக்குத்தான் உறையில வருது. மீதி வழி போஸ்ட் கார்டு மாதிரி, போற வழியில யார் வேணா படிக்கலாம்" என்றாள். போகும் வழி உன் கோபுரம்.

அன்றே மூடியிருக்கலாம். மூடியிருந்தால் "தெரியாம நடந்துபோச்சு அக்கா" என்று நீ கண்ணைக் கசக்கியிருப்பாய், நானும் நம்பியிருப்பேன். அதனால் திறந்தே விட்டேன். உனக்குத் தேனாக ஒரு கடிதம் எழுதினேன். பிறகு என் பக்கத்துக்குள் நானே போய், உன் மனைவி பெயரில் நானே எழுதினேன். அந்த ஆலையில் நான் வேலை செய்த காலத்தில் எடை அறையில் எனக்கு நடந்ததை எழுதிக் கீழே பிளாசிதா என்று போட்டேன்.

இரண்டே நாளில் வீடு வரைக்கும் பூட்டு வந்துவிட்டது! ஒன்பது பெண்களுக்கு வராத பூட்டு. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பது இதுதான். சூனில்டாவுக்கும் எல்வாவுக்கும் நீ பார்த்துக்கொண்டே இருந்தாய். நான் அவளைத் திட்டியபோதும் பார்த்துக்கொண்டிருந்தாய். வேலியே பயிரை மேய்ந்தது, நான் வேலிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

இனி உனக்கு அக்கா இல்லை. உன் பெயரை வழக்கறிஞரிடம் முதல் வரியிலேயே எழுதிக் கொடுப்பேன். அந்தப் பொய்க் கடிதத்தைப் படித்த அன்று உன் வயிறு எரிந்ததா? எரியட்டும் என்றுதான் எழுதினேன்.

நிமியா

யுக்குவாத்தி, ஆகஸ்ட் 1

நிமியா அக்காவுக்கு,

இன்று ஆகஸ்ட் முதல் தேதி. ஊரெல்லாம் தீட்டுக் கழிய மூலிகைச் சாராயம் குடிக்கிறது. நான் தனியாக உட்கார்ந்து குடித்துவிட்டு எழுதுகிறேன். நீ நலமாக இருப்பாய் என்று நினைக்கிறேன்.

நீ எழுதியது அத்தனையும் உண்மை. மார்ச்சில் தோன் எவெலியோ கோபுர அறைக்கு வந்து உட்கார்ந்தார். "உங்க அக்கா பக்கத்துக்கு வர்றதெல்லாம் நம்ம கோபுரம் வழியாத்தானே வருது? முன்னாடி பெரிய பூட்டாப் போட்டுக் குடு, பாவம். பின்னாடி மட்டும் பூட்டாதே. வேற எதுவும் உன்னைக் கேக்கலப்பா" என்றார். என் மகள் ஞாயிறுதோறும் கைகூப்பி ஆசி வாங்கும் மனிதர். நான் என்ன சொல்வேன்? வெள்ளிக்கிழமைதோறும் வந்து படிப்பார். நான் தெரெரே ஊற்றிக் கொடுப்பேன்.

ஆனால் உன்னிடம் ஒன்று கேட்கிறேன். ஜூன் கடைசியில் உனக்குத் தெரிந்துவிட்டது. ஜூலை எட்டாம் தேதி சிரிலா எழுதினாள். அது உனக்கும் வந்திருக்கும். பின்வாசல் திறந்து கிடக்கிறது என்று தெரிந்தே நீ பார்த்துக்கொண்டிருந்தாய். பன்னிரண்டாம் தேதி அவர் படித்தார். மறுநாள் மழையில், ஆலை வீட்டிலிருந்து சிரிலாவின் கட்டிலையும் சட்டியையும் எடுத்துத் தெருவில் போட்டார்கள். கையில் மூன்று மாதக் குழந்தை. குழந்தை இப்போது காகுவாசு ஆஸ்பத்திரியில் மூச்சுக்குத் திணறுகிறது. அவளுக்குப் பின்வாசலைத் திறந்து வைத்தது நான் மட்டும் இல்லை அக்கா. நாம் இருவரும்.

இன்னொன்று. அந்தத் திங்கட்கிழமை படித்துவிட்டு, அவர் கண்ணில் படாமல் கோபுரக் கணினியில் அழித்தேன். வீட்டுக்கு வந்து, வீட்டுக் கணினியில் இருந்த பிரதியைப் பிளாசிதாவுக்குப் படித்துக் காட்டிக் கேட்டேன். "இது நீ எழுதினதா?" என்றேன். "இல்ல" என்றாள். எனக்கு உயிர் வந்தது. "அப்ப இது பொய்தானே?" என்றேன். அவள் அடுப்பில் வெந்துகொண்டிருந்த மரவள்ளியை இறக்கி வைத்தாள். அராமியின் சட்டைகளை மடித்தாள். அன்று மாலை பேருந்தில் தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

அந்த வெள்ளிக்கிழமை கோபுர அறையில் அவருக்குப் படிக்க ஒன்றும் வரவில்லை. என்னை அப்போதே வேலையை விட்டு நிறுத்திவிட்டார்.

பொய் எழுதினேன் என்கிறாய். நீ எழுதிய ஒரே பொய் அந்தப் பெயர். அதுவும் பொய்யாக இல்லை.

தெர்லிஸ்

ஆகஸ்ட் 23
(இணையதளத்தின் "எனக்கு எழுதுங்கள்" பக்கத்தின் வழியாக வந்தது)

மதிப்புக்குரிய நிமியா அக்காவுக்கு,

பிளாசிதா வணக்கத்துடன் எழுதுவது. நானும் அராமியும் சுகம். உங்கள் முதுகுவலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். இத்தனை நாள் எழுதாததற்கு மன்னியுங்கள். பூட்டைப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். வீடு வரைக்கும் இருக்கிறதாம், இவர் சொன்னார்.

இவர் திரும்பவும் கோபுரத்தில் ஏறுகிறார். அது உங்களுக்குத் தெரிந்திருக்காது. ஜூலையில் நீங்கள் இவருக்கு எழுதிய கடிதத்தைக் கொண்டுபோய்த் தோன் எவெலியோவிடம் கொடுத்தார். "உன் மனைவி பெயரில் நானே எழுதினேன்" என்று நீங்களே ஒப்புக்கொண்ட கடிதம். அவருடைய வக்கீல் அதை நகல் எடுத்து ஒவியேதோவுக்கு அனுப்பிவிட்டார். ஒரு கடிதம் இட்டுக்கட்டியது என்றால் மீதி ஒன்பதும் இட்டுக்கட்டியதுதான் என்கிறார்கள். சூனில்டாவின் கடிதத்தையும் நீங்கள்தான் எழுதினீர்களாம். நான் நேற்று வழக்கறிஞர் அம்மாளைப் போய்ப் பார்த்தேன். எழுந்து நின்று பேசினார், நல்ல மனுஷி. "உன்னை நான் நம்புறேம்மா. ஆனா உன் பேர்ல ஏற்கெனவே ஒரு பொய்க் கடிதம் இருக்கே. இனிமே நீ உண்மையைச் சொன்னாலும் அதைத்தான் காட்டுவாங்க" என்றார். கோப்பைக் கட்டி வைத்துவிட்டார்.

பத்தாவதாக நான் வருவதாக இருந்தேன் அக்கா. இந்தப் பக்கத்தைப் பல தடவை திறந்து எழுதி, அனுப்பாமல் அழித்திருக்கிறேன். இவர் வேலை போய்விடுமே என்றுதான். அராமியை அந்த ஆள் தோளில் தூக்கினாரே, அதைப் பார்த்த அன்று எழுதியே விடுவது என்று முடிவு செய்தேன். எனக்கு முன்னால் நீங்கள் எழுதிவிட்டீர்கள்.

இவர் அந்தக் கடிதத்தை எனக்குப் படித்துக் காட்டினார். "கதவைச் சாத்தும்மா, தராசு காத்துல ஆடுது" என்று அந்த ஆள் சொன்னதாக நீங்கள் எழுதிய இடத்தைக் கேட்டதும், நான் யாரிடமும் சொன்னதில்லையே, இதை எழுதியவருக்கு எப்படித் தெரிந்தது என்று பயந்தேன். இப்போதுதான் புரிகிறது, அந்த ஆள் உங்களிடமும் அதையே சொல்லியிருக்கிறார்.

அந்தத் தராசு காற்றில் ஆடாது அக்கா. கதவு திறந்து கிடந்தபோது நான் நின்று பார்த்திருக்கிறேன்.

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிளாசிதா